கேட்டுட்டுச் சொல்றேன்

வேன் அக்கா யாருக்கும் ஆறுதல் சொல்லி நான் கேட்டதில்லை. அவர் முன்னால் அழுத தாய்மார்களைப் பார்த்திருக்கிறேன்; நானும் அழுதிருக்கிறேன். அழுது முடிகிறவரை வேன் சாவியை விரலில் மாட்டிச் சுற்றிக்கொண்டு வேறெங்கோ பார்த்திருப்பார். மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்ததும், "முடிஞ்சுச்சா? பேனா எடு" என்பார். அதற்குப் பிறகு வருவதெல்லாம் விவரம். எந்தக் கட்டடம், எத்தனாவது மாடி, எந்தக் கவுண்டர், என்ன கிழமை, கூட எடுத்துப் போகவேண்டிய தாள்கள் எவை, போட்டோஸ்டாட் எத்தனை. அங்கே எழுத்து வேலை பார்க்கும் கிராணியிடம் காலையில் பேசலாமா, சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு பேசலாமா என்பதுகூட அதில் இருக்கும். எழுதி முடித்தால் விடமாட்டார். "திருப்பிச் சொல்லு." ஒரு வரி விட்டுப்போனாலும் முதலிலிருந்து படிக்க வேண்டும்.

எங்கள் தாமான் குடியிருப்பிலிருந்து கோப்பெங் தமிழ்ப்பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகிற வேன் அவருடையது. ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். ஆண்கள் போடுகிற கட்டம் போட்ட சட்டைதான் எப்போதும். ஜன்னல் பக்கம் வெயில் பட்டுப் பட்டு வலது கை மட்டும் இடது கையைவிட நன்றாகக் கறுத்திருக்கும். அவர் பெயரை நான் பள்ளி வேன் ரசீதில் பார்த்திருக்கிறேன். ஆனால் யாரும் அந்தப் பெயரைச் சொல்லி அழைத்ததில்லை. எல்லோருக்கும் வேன் அக்கா.

என் வீட்டுக்குள் அவர் வந்தது நான் கூப்பிட்டு அல்ல.

என் மகள் யாழினிக்கு அப்போது நாலரை வயது. பேச்சு வரவில்லை. கூப்பிட்டால் திரும்பமாட்டாள். கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு முன்னும் பின்னும் ஆடியபடியே மணிக்கணக்கில் நிற்பாள். யார் கேட்டாலும் "பேச்சு லேட்டு" என்று சொல்லி வைத்திருந்தோம். கல்யாணம், கோயில் திருவிழா எதற்கும் கூட்டிப் போவதில்லை. பக்கத்து வீட்டு சாந்திக்கும் இன்னும் நாலைந்து வீட்டுக்கும் தெரியும். எங்கள் தெருவான அந்த லோரோங்கைத் தாண்டி விஷயம் போகாமல் பார்த்துக்கொண்டோம்.

ஒரு மத்தியானம் சாந்தியின் இரண்டு பிள்ளைகளையும் இறக்கிவிட்ட வேன் நகராமல் நின்றது. கண்ணாடி இறங்கியது.

"அந்தப் புள்ளைக்கு எத்தன வயசு?"

"நாலரைக்கா."

"பேசுதா?"

"லேட்டுலா. அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசுனாராம்."

"லேட்டுன்னு யாரு சொன்னா? டாக்டரா?"

நான் யாழினியின் கையைக் கம்பியிலிருந்து எடுத்தேன்.

"கூப்புட்டா திரும்புதா?"

"நீங்க உங்க வேலையப் பாருங்கக்கா" என்று சொல்லிவிட்டு யாழினியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினேன். ஒரு வருடமாக நான் எனக்கே கேட்டுக்கொள்ளப் பயந்த கேள்வியை அவர் நடுரோட்டில் வைத்துக் கேட்டுவிட்டார்.

மறுநாளும் அதே நேரத்துக்கு வேன் நின்றது. நான் வெளியே வரவில்லை. அவர் கேட்டுக்கு வெளியே நின்றபடி, மூடிய கதவைப் பார்த்தே சொன்னார்: "கேட்டுட்டு வந்துட்டேன். மொதல்ல அரசாங்க கிளினிக்கு. அங்க ஒரு லெட்டர் குடுப்பாங்க. அத எடுத்துக்கிட்டு ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி, புள்ளைங்க பகுதி. சூராட் பெரானாக் ஒரிஜினலும் வேணும், போட்டோஸ்டாட்டும் வேணும். எழுதிக்கிட்டியா?"

கதவுக்குப் பின்னால் நான் காலண்டர் தாளைக் கிழித்து, பிறப்புப் பத்திரம் ஒரிஜினல், நகல் என்பதுவரை எழுதிக்கொண்டிருந்தேன். அது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை.

என் கணவர் குணாவுக்கு விஷயம் தெரிந்தபோது வீட்டில் பெரிய சத்தம். "வேன் ஓட்றவளுக்கு என்ன தெரியும்? இன்னொரு தடவ கேட்டாண்ட வந்து நிக்கட்டும், நான் பேசிக்கிறேன்." குணா ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்த்தார். அவர் காலை ஷிப்ட் போன ஒரு வாரத்தில் நான் திருட்டுத்தனமாகக் கிளினிக்குக்குப் போனேன், லெட்டர் வாங்கினேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த தேதிக்கு வேன் அக்காவே பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு எங்களை ஏற்றிப் போனார். டாக்டரம்மா யாழினியோடு வெகுநேரம் தரையில் உட்கார்ந்து விளையாடிவிட்டு, நிதானமாக என்னிடம் அந்த வார்த்தையைச் சொன்னார். ஆட்டிசம். கார் பார்க்குக்கு வந்ததும் வேன் கதவில் தலையை முட்டிக்கொண்டு அழுதேன். சாவி சுற்றுகிற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

"முடிஞ்சுச்சா?"

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்கக்கா. உங்க கால்ல விழுறேன்."

"நான் ஏன் சொல்றேன்? ஒன் புள்ள, ஒன் வாயி. பேனா எடு. அடுத்தது கார்டு."

உடற்குறையோ மனக்குறையோ உள்ளவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கிற ஓ.கே.யூ. கார்டைத்தான் அவர் சொன்னார். அது இருந்தால்தான் சிறப்பு வகுப்பு, பயிற்சி, மற்ற உதவிகள் எல்லாம் சுலபமாகக் கிடைக்கும் என்றார். அன்றிரவு குணாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அந்தக் கார்டு என்ற சொல்லைக் கேட்டதும் அவர் எழுந்து போய் அலமாரியைத் திறந்து யாழினியின் பிறப்புப் பத்திரத்தை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். மறுநாள் அது தொழிற்சாலை லாக்கருக்குள் போய்விட்டது.

"கார்டு எடுக்கிறது முத்திர குத்துற மாதிரி. நாளைக்கே புள்ள பேசிட்டா, அந்த முத்திரைய அழிக்க முடியுமா? சொல்லு."

அவர் குரல் உடைந்திருந்தது. எனக்கு அவரோடு சண்டை போடவும் முடியவில்லை. வேன் அக்காவிடம் சொன்னேன். "பத்திரத்துக்கு நகல் எடுக்கலாமான்னு கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். இரண்டாம் நாள் எந்த அலுவலகம், என்ன பாரம் என்று வந்து சொன்னார். எழுதிக்கொண்டேன், திருப்பியும் சொன்னேன். போகவில்லை. அந்தத் தாளைச் சீனி டப்பாவுக்கு அடியில் வைத்துவிட்டு ஒரு வருடத்தை ஓட்டிவிட்டேன். குணாவை மட்டும் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

'தெரியாது' என்ற சொல்லே அவரிடம் இருக்காது. தெரியாததைக் கேட்டால் "கேட்டுட்டுச் சொல்றேன்" என்பார். போனில் கேட்டால் போதும் என்று விடுகிற ஆளும் இல்லை. அந்த இடைக்காலத்தில் ஈப்போவில் ஒரு தனியார் நிலையத்தைப் பற்றி விளம்பரம் பார்த்தேன். ஆறே மாதத்தில் பேச வைப்போம் என்று போட்டிருந்தார்கள். குணாவும் அதற்கு மட்டும் சம்மதித்தார். அங்கே கார்டு கேட்கவில்லை. வேன் அக்காவிடம் சொன்னேன். மூன்று நாள் கழித்து வந்தார்.

"அங்க வேணாம்."

"உள்ள போயிப் பாத்தீங்களாக்கா?"

"உள்ள போனா எல்லாம் அழகாத்தான் வச்சிருப்பான். மூணு நாளு காலையில எதுத்தாப்புல வேனப் போட்டு உக்காந்து பாத்தேன். ஒரே புள்ள. மூணு நாளும் கார் கதவப் புடிச்சிக்கிட்டு எறங்க மாட்டேன்னுச்சு. மூணு நாளும் ஒரே ஆள் வந்து அது வெரல ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுத்தான்."

"புள்ளைங்கன்னா அப்டித்தானேக்கா. ஸ்கூல் போக அழுவாதா?"

"அழும். நான் இருவது வருஷமாப் புள்ளைங்க ஏத்துறேன், அழுவுறது எனக்குத் தெரியும். இது அழுவல. சத்தமே போடல." வேன் சாவியை விரலில் மாட்டினார். "உள்ள தப்பு நடக்குதுன்னு நான் சொல்லல. பாக்காதத சொல்ல மாட்டேன். பாத்தது இவ்வளவுதான்."

மூன்றாம் நாள் அந்த நிலையத்துக்காரர் ரோட்டைத் தாண்டி வந்து வேன் நம்பரைப் படம் எடுத்தாராம். போலீசில் கொடுப்பேன் என்றாராம். "குடுங்க, நானும் கூட வாரேன்" என்று இவர் வேன் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார். அந்த ஆள் ஏறவில்லை.

அவர் தவறே செய்யாதவர் என்று நினைத்துவிடக் கூடாது. ஒரு தவறு எனக்குத் தெரியும்.

சுங்கை சிப்புட்டுக்கு அப்பால் பழைய ரப்பர் தோட்டம் ஒன்றில், இப்போது அது முழுக்கச் செம்பனை, லயத்து வீடுகளில் நாலைந்து மட்டும் மிச்சம். அதில் ஒரு வீட்டில் நடக்க முடியாத பத்து வயதுப் பிள்ளை. ஈப்போவில் கால் பயிற்சி கொடுக்கிறவர் புதன்கிழமை வருவார் என்று அந்தத் தாய்க்கு வேன் அக்கா சொல்லியிருந்தார். அந்தத் தாய் பிள்ளையைக் கைலியால் முதுகோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, மழையில் மோட்டார்சைக்கிள் ஓட்டி ஈப்போ வந்திருக்கிறார். கதவு பூட்டிக் கிடந்தது. கிழமையை மாற்றி ஒரு மாதம் ஆகிவிட்டதாம்.

செய்தி கேட்ட அன்று என்னையும் யாழினியையும் ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்துகொண்டிருந்தார். வேன் அப்படியே வடக்கே திரும்பியது. செம்பனைக் காட்டுக்குள் மண்ரோட்டில் வேன் குலுங்கிக் குலுங்கிப் போனது. அந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றினார், உள்ளே போகவில்லை.

"நான் சொன்னது தப்பு. நாள மாத்துனது எனக்குத் தெரியல. திரும்பக் கேட்டிருக்கணும், கேக்கல."

"பரவால்லக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க" என்றார் அந்தத் தாய். அவருக்குக் காய்ச்சல் என்பது பார்த்தாலே தெரிந்தது.

"பரவால்லன்னு சொல்லாத. திட்டு."

அந்தப் பெண் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். வேன் அக்கா அசையாமல் நின்றார். திட்டு விழாமல் போகமாட்டார் போலிருந்தது. கடைசியில் அந்தத் தாய், மிகவும் மெதுவாக, "மழையில புள்ள நடுங்கிப் போச்சுக்கா" என்றார். வேன் அக்கா தலையை ஆட்டினார். அடுத்த வாரத்திலிருந்து சில மாதங்கள் அவர்களைத் தானே ஏற்றிப் போய் இறக்கினார். மாதம் பிறந்தால் தான் சொன்ன எல்லா இடங்களுக்கும் மறுபடி போன் அடித்து நாள், நேரம் கேட்பதையும் அதற்குப் பிறகுதான் வழக்கமாக வைத்துக்கொண்டார்.

அன்று திரும்பி வரும்போதுதான் நான் கேட்டேன். ஊரில் இரண்டு விதமாகப் பேசிக்கொண்டார்கள். இவருக்கு இப்படி ஒரு பிள்ளை இருந்து இறந்துபோனது என்று சிலர். எங்கிருந்தோ கமிஷன் வாங்குகிறார் என்று சிலர்.

"உங்களுக்கு இப்டி யாராச்சும் இருந்தாங்களாக்கா?"

"அப்டி இருந்தாத்தான் செய்யணுமா?"

கொஞ்ச தூரம் போனதும் வேனை மெதுவாக்கி ஒரு வீட்டைக் காட்டினார். துருப்பிடித்த கேட்டு. அதைப் பிடித்துக்கொண்டு நன்றாக வளர்ந்த ஓர் இளைஞன், கன்னத்தில் மயிர் முளைத்தவன், முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தான்.

"நான் வேன் ஓட்ட ஆரம்பிச்சது இந்தப் பக்கந்தான். அப்ப இவனுக்கு ஆறு வயசு. இவங்கப்பா ஒரு நா கைய காட்டி நிப்பாட்டி, 'இந்த மாதிரிப் புள்ளைங்கள எந்த ஸ்கூல்லம்மா எடுப்பாங்க'ன்னு கேட்டாரு. 'தெரியாதுண்ணே'ன்னு சொல்லிட்டு கியரப் போட்டேன். தெரியாதுதான். பொய் சொல்லல." கியர் மாற்றினார். "ஒரு போன் அடிச்சுக் கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும். ஏழு வருஷம் தெனம் ரெண்டு தடவ இந்தக் கேட்டத் தாண்டிப் போனேன்."

பின்சீட்டில் யாழினி ஜன்னல் கம்பியைப் பிடித்து ஆடிக்கொண்டிருந்தாள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இனி நான் சொல்லப்போவது யாழினிக்கு ஆறு வயது ஆகப்போகிற சமயத்தில் நடந்தது.

எங்கள் கேட்டு எப்போதும் பூட்டியிருக்கும். சாவி என் கழுத்துக் கயிற்றில். அன்று மத்தியானம் கேஸ் சிலிண்டர் கொண்டு வந்தவருக்குத் திறந்துவிட்டு, குசினியில் இடம் காட்டப் போனேன். இரண்டு நிமிடம்கூட இருக்காது. காலி சிலிண்டரோடு அவர் முதலில் கிளம்பினார்; பின்னால் நான் வந்தபோது கேட்டு அகலத் திறந்திருந்தது, யாழினி இல்லை.

விளையாட்டுத் திடலுக்கு ஓடினேன். ரோட்டு முனைக் கடைக்கு ஓடினேன். பெயர் சொல்லிக் கத்தினேன்; அவள் பெயருக்குத் திரும்பாதவள் என்பதுகூட மறந்துவிட்டது. குணாவுக்குப் போன் அடித்தேன். ஈப்போவிலிருந்து அவர் வந்து சேர நேரமாகும். சாந்தி இன்னொரு பக்கம் ஓடினாள். நான் அழுதுகொண்டே லோரோங்குக்குத் திரும்பியபோது பள்ளி வேன் வந்து நின்றது. உள்ளே பதினொரு பிள்ளைகள்.

"எவ்வளவு நேரமாச்சு?" வேன் அக்கா இறங்காமலே கேட்டார்.

"கால் மணி நேரம்... தெரியலக்கா... திடல்ல பாத்துட்டேன், கடையில பாத்துட்டேன்..."

"பக்கத்துல தண்ணி எங்க இருக்கு?"

"கோயில்ல போயி..."

"தண்ணி எங்கன்னு கேட்டேன். இந்தப் புள்ளைங்க ஓடுனா தண்ணிக்குத்தான் போவும்னு சொல்லியிருக்கேன்லா?"

சொல்லியிருந்தார். எழுதியும் வைத்திருந்தேன். தாமானுக்குப் பின்னால் ஆளுயர லாலான் புல்லைத் தாண்டினால் அந்தக் காலத்தில் ஈயம் தோண்டிவிட்டுப் போன குட்டை. நான் கையைக் காட்டினேன்.

அவர் ஒருமுறை திரும்பி வேனுக்குள் பார்த்தார். அந்த முகம் எனக்கு மறக்காது. பிறகு கதவை இழுத்துத் திறந்து பதினொரு பேரையும் இறக்கி, சாந்தியின் வீட்டுக்குள் விரட்டினார். "சாந்தி! தலைய எண்ணு. பதினொண்ணு. கேட்டப் பூட்டு. நான் வர்ற வரைக்கும் யாரையும் வெளிய வுடாத."

ஓடினோம். லாலான் புல் கையைக் கீறியது. புல் முடிந்த இடத்தில் பச்சைத் தண்ணீர் வெயிலில் அசையாமல் கிடந்தது. யாழினி முழங்கால் அளவுத் தண்ணீரில் எங்களுக்கு முதுகைக் காட்டி நின்றாள். கையால் தண்ணீரைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் குட்டையில் ஓரந்தான் மேடு. இன்னும் இரண்டு எட்டு வைத்தால் ஆள் முழுகிப்போகும் பள்ளம்.

நான் கத்த வாயைத் திறந்தேன். வேன் அக்காவின் கை என் வாயைப் பொத்தியது. பெட்ரோல் வாடை அடித்தது.

"கத்தாத. ஓடாத. வெளையாட்டுன்னு நெனச்சு உள்ள போவும்." காதோடு பேசினார். "அதுக்கு என்னா புடிக்கும்? சீக்கிரம் சொல்லு."

யாழினி ஓர் எட்டு முன்னால் வைத்தாள். பாவாடை தண்ணீரில் குடைபோல் விரிந்தது.

"பேப்பர்... பேப்பர் கிழிக்கிற சத்தம்."

வேன் அக்கா தோளில் மாட்டியிருந்த பையைத் திறந்தார். அதில் எப்போதும் பாரங்கள்தான் இருக்கும். யாருக்காவது வேண்டும் என்று கேட்டு வாங்கிச் சேர்த்து வைத்தவை. ஒன்றை எடுத்தார். கரையில் மெதுவாகக் குந்தினார். மேலிருந்து கீழாக, நீளமாகக் கிழித்தார். அந்த வெயிலில், அந்த அமைதியில், அது எவ்வளவு பெரிய சத்தமாகக் கேட்டது!

யாழினி திரும்பவில்லை. இன்னொன்றைக் கிழித்தார். தண்ணீரைத் தட்டிய கை நின்றது. மூன்றாவது. தலை மட்டும் திரும்பியது. நான்காவதைக் கிழிக்காமல், பாதி கிழித்து, பிடித்துக்கொண்டே காத்திருந்தார். யாழினி தண்ணீரைப் பார்த்தாள், தாளைப் பார்த்தாள். பிறகு எதுவுமே நடக்காததுபோல நடந்து கரையேறி வந்து, அந்தப் பாதித் தாளை வாங்கி மிச்சத்தைத் தானே கிழித்தாள்.

நான் அவளை இழுத்துப் பிடித்தேன். என் கை ஓங்கியிருந்தது எனக்குத் தெரியவில்லை. வேன் அக்கா மணிக்கட்டைப் பிடித்தார்.

"அடிக்காத. தண்ணிக்குப் போனா அடி விழும்னு அதுக்குப் புரியாது. நம்மகிட்ட வந்தா அடி விழும்னுதான் புரியும்."

அவர் மிச்சத் தாள்களைப் பைக்குள் திணித்தார். இரண்டு மூச்சு இழுத்துவிட்டு எழுந்து, பிள்ளைகள் இருக்கிற வீட்டை நோக்கி ஓடினார்.

அன்று பிள்ளைகள் வீடு போய்ச் சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. அதில் ஒரு பையனுக்கு மூச்சிழுப்பு வந்து, சாந்தி அவன் பைக்குள் தேடி மருந்தை எடுத்து வாயில் அடித்திருக்கிறாள். குணா வந்தபோது யாழினியின் பாவாடையில் இன்னும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் குனிந்து அதைப் பிழிந்துவிட்டார். மறுநாள் வேலையிலிருந்து வந்ததும் பிறப்புப் பத்திரத்தை மேசைமேல் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

அந்த வாரக் கடைசியில் பெற்றோர்கள் வேன் அக்கா வீட்டு வாசலில் கூடினார்கள். சாந்தி என்னைக் கூட்டிப் போனாள். இழுப்பு வந்த பையனின் அப்பா முரளிதான் முன்னால் நின்றார்.

"எம்மகனுக்கு ஏதாச்சும் ஆயிருந்தா? முன்னப் பின்னத் தெரியாத வீட்டுல அடைச்சுப் போட்டுட்டு எங்க போனீங்க?"

"ஒரு அவசரம்ணே."

"என்னா அவசரம்? சொல்லுங்கலா. யாரோ ஒரு பொம்பள அழுதுக்கிட்டு வந்துச்சாம், அது பின்னால ஓடிட்டீங்களாம். புள்ளைங்க சொல்லுது. யாரு அந்தப் பொம்பள?"

"அது என் விவரம் இல்ல. சொல்ல மாட்டேன்."

"அப்ப எங்க புள்ளைங்க உங்களுக்கு வெளையாட்டா?"

"இல்லண்ணே. ஒங்க எல்லாருக்கும் போன் அடிச்சிருக்கணும், அடிக்கல. தப்பு என்மேலதான்."

அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பினால் கூட்டம் புரிந்துகொண்டுவிடும் என்றுதான் திரும்பவில்லை. சாந்தி என்னைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முரளி கத்தியதில் நியாயம் இல்லாமல் இல்லை. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த நியாயத்துக்கு ஒரு பதில் கிடைத்திருக்கும். குட்டைக்கரையில் என் வாயைப் பொத்த ஒரு கை இருந்தது. இங்கே யாரும் பொத்தவில்லை. நானாகத்தான் பேசாமல் நின்றேன். ஏழு குடும்பங்கள் அன்றே பிள்ளைகளை வேனிலிருந்து நிறுத்தின.

திங்கட்கிழமை காலை நாலு பிள்ளைகளோடு வேன் போனது. என்னைக் கண்டதும் கண்ணாடியை இறக்கினார். நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். "பத்திரம் வந்துருச்சுன்னு சாந்தி சொன்னா. செவ்வாக்கெழமை வெல்ஃபேர் ஆபீசு. பாஸ்போர்ட் சைஸ் படம் எடுத்து வை. கூட்டம் சேர்றதுக்கு முன்ன போயிடணும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

செவ்வாய்க்கிழமை போனோம். கார்டுக்கு எழுதிக் கொடுத்தோம். திரும்பும்போது வேனில் ஏழு சீட்டு காலியாக ஆடுவதைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

எனக்கு மூன்று வாரம் பிடித்தது. ஏழு வீட்டுக்கும் போய் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்று குணாவிடம் சொன்னபோது அவர் "நானும் வரவா?" என்றார். "வேணாம், நிக்க வேண்டியது நான்தான்" என்றேன். சாந்தியிடம் முகவரிகளை வாங்கிக்கொண்டு, யாழினியின் கையைப் பிடித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளம்பினேன். இத்தனை வருடம் நான் மறைத்து வைத்தவளை ஏழு வீட்டு வாசலிலும் நிறுத்தினேன். ஒரு வீட்டில் கதவைப் பாதிதான் திறந்தார்கள். ஒரு வீட்டில் யாழினி ஷோகேஸ் கண்ணாடியைத் தட்டிக்கொண்டே இருந்தாள். நான் சொன்னதை அவர்கள் கேட்டார்களா என்று தெரியவில்லை.

முரளி வீட்டுக்குப் போனபோது மத்தியானம் ஆகிவிட்டது. அவர் மோட்டார்சைக்கிள் துடைத்துக்கொண்டிருந்தார்.

"அன்னிக்கு அழுதுக்கிட்டு வந்த பொம்பள நான்தாண்ணே. இவ குட்டையில எறங்கிட்டா. வேன் அக்கா வரலன்னா இவ இல்ல."

அவர் துணியைப் பிழிந்தார். மறுபடியும் பிழிந்தார்.

"அன்னிக்கு நீங்க அங்கதான நின்னீங்க?"

"ஆமாண்ணே."

"அப்பவே சொல்லியிருக்கலாம்லா."

"வெக்கமா இருந்துச்சுண்ணே."

அவர் யாழினியைப் பார்த்தார். அவள் சுவரில் சாய்த்திருந்த சைக்கிளின் சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதைப் பார்த்துக் கையை உதறிக்கொண்டிருந்தாள். "ஒரு போனாச்சும் அடிச்சிருக்கணும் அவங்க" என்றார். பிறகு உள்ளே பார்த்து, "ஒரு நாக்காலி எடுத்தாம்மா" என்று மனைவியைக் கூப்பிட்டார்.

ஏழில் மூன்று குடும்பங்கள் திரும்பி வந்தன. முரளி வரவில்லை, அவர் மகன் வேறு வேனில் பழகிவிட்டான். வேன் அக்கா இன்னும் இரண்டு வருடம் ஓட்டினார். யாழினி இப்போது சிறப்பு வகுப்புக்குப் போகிறாள். பேச்சு வரவில்லை, ஆனால் வேண்டியதைப் படத்தைக் காட்டிக் கேட்கிறாள். வேன் அக்கா பாகான் செராயில் தங்கைக்கு முடியாமல் போனதும் அங்கேயே போய்விட்டார். போன மாதம்கூட யாரோ ஒரு தாய் அங்கிருந்து அவர் சொன்னதாக எனக்குப் போன் அடித்து ஆஸ்பத்திரி விவரம் கேட்டார்.

ஆனால் அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்த ஞாயிற்றுக்கிழமை. முரளி வீட்டிலிருந்து நடந்து வரும்போதே அவருக்குப் போன் அடித்தேன்.

"சொல்லிட்டேன்க்கா."

"யார்கிட்ட?"

"ஏழு வீட்லயும்."

"யாரு ஒன்னப் போயிச் சொல்லச் சொன்னா?" குரலில் கோபம். பிறகு கேட்டார்: "புள்ளயயும் கூட்டிட்டுப் போனியா?"

"ஆமாக்கா. கையப் புடிச்சிக் கூட்டிட்டுப் போனேன்."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை. அவர் அழுது நான் கேட்டது அன்று மட்டும்தான்.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன். ஏதோ ஆறுதலாகச் சொல்லத்தான் நினைத்தேன்.

"வையி" என்றார். போனை வைத்துவிட்டார்.